பின்மூடிக்குள் இல்லாத வேலைப்பாடு: முறைப்பாடு

முகாமையாளர் அவர்கட்கு,

ஐயா,

உங்களிடம் வாங்கிய கைமணிக்கூடு பற்றி நான் அனுப்பிய மின்னஞ்சல்களுக்கெல்லாம் "கவனத்தில் எடுத்துள்ளோம்" என்ற ஒரே வரிதான் வந்தது. அலைந்து களைத்துப்போய் இதை எழுதுகிறேன்.

என்னுடையது எந்த மணிக்கூடு என்பது உங்கள் பதிவில் இருக்கிறது. அதற்குள் என்ன இருக்க வேண்டும் என்பதும் என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியாத பாகங்களின் விளிம்பையும் கையால் சீவி மெருகேற்றுகிறோம் என்று உங்கள் கையேட்டில் அச்சிட்டிருக்கிறீர்கள். பின்மூடி உருக்கு, உள்ளே எதுவும் தெரியாது. அந்த வார்த்தையை நம்பித்தான் காசு கொடுத்தேன்.

நேரம் பின்தங்குகிறது என்று சேர்விசுக்குக் கொடுத்தபோது உங்கள் தொழில்நுட்பவியலாளர் என் முன்னாலேயே மூடியைத் திறந்தார். கேட்டதும் லென்ஸையும் தந்தார், நல்ல மனுசன். நேரத்தைச் சீராக ஓட்டும் பெலன்ஸ் சில்லைத் தாங்கும் தகட்டின் மேல்முகம் பளபளக்கிறது. ஓரத்திலோ இயந்திரம் வெட்டிய தடம் அப்படியே கிடக்கிறது. ஒரு மூலையில் பிசிறுகூட எடுபடவில்லை. அது உதிர்ந்து சில்லுகளுக்குள் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இதைக் கேட்டதற்குக் கவுன்டரில் இருந்த இளைஞர், "உள்ளுக்க யார் பார்க்கப் போறாங்க? டைம் காட்டினாச் சரிதானே" என்றார். நான் அவருக்கு அப்பா வயது. பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர்கள் முன்னால் சொன்னார். செட்டியார் தெருவில் ஒரு பதக்கம் செய்யக் கொடுத்தால், நெஞ்சில் படும் பின்பக்கத்தையும் பத்தர் மினுக்கித்தான் தருவார். ஜெனீவாவில் 1886 இலேயே சட்டம் போட்டு, வேலைப்பாட்டைப் பரீட்சித்த மணிக்கூடுகளுக்கு முத்திரை கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். உங்களுடையதில் அந்த முத்திரை இல்லை. நான் கேட்கவும் இல்லை. நீங்கள் எழுதியதைத்தான் கேட்கிறேன்.

அப்புறம் அந்தப் போயா தினம், பௌர்ணமி விடுமுறை. மெனேஜர் இருப்பார், வாருங்கள் என்று உங்கள் ஆட்களே போன் எடுத்தார்கள். வெள்ளவத்தையிலிருந்து கொட்டும் மழையில் ஓட்டோ பிடித்துக் கொள்ளுப்பிட்டிக்கு வந்தால் ஷட்டர் பூட்டியிருக்கிறது! போயாவுக்குக் கடை பூட்டு என்பது உங்கள் ஆட்களுக்கே தெரியாதா? காவலாளிதான் பாவம் பார்த்து ஒரு கதிரை தந்தார்.

ஊழியர் சேமலாப நிதிக் காசில் வாங்கியது ஐயா, மகனுக்கு விட்டுப்போகலாம் என்று. இப்போது கையில் கட்டவே மனம் வரவில்லை. வாழ்நாள் உழைப்பே வீணாய்ப் போய்விட்டது.

உங்கள் நிறுவனத்தின் மேல் இன்னும் மரியாதை வைத்திருக்கிறேன். தயவுசெய்து இதைச் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பி, எழுதியபடி முடித்துத் தாருங்கள். முடியாவிட்டால் முழுப் பணத்தையும் தாருங்கள். இந்த மாத முடிவுக்குள் பதில் வராவிட்டால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போவேன். லென்ஸுக்கூடாக எடுத்த படங்கள் உங்கள் தலைமையகத்துக்கும் போகும். அந்த இளைஞர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பதில் எழுத்தில் வேண்டும், போனில் வேண்டாம். பற்றுச்சீட்டின் பிரதி இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6