பின்பாட்டு இல்லாத தேர்வறை: நுண்கலைப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

தங்கள் குழு வகுத்த நெறிமுறையின்படி நிகழ்த்துகலையில் முதுகலைத் திட்டப்பணியை முடித்து, மதிப்பெண் பட்டியலையும் கையில் வாங்கிவிட்ட மாணவி நான். எனக்குக் கிடைத்த மதிப்பெண்ணில் மனக்குறை இல்லை. அதை உயர்த்தித் தரும்படி கேட்கவும் இல்லை. கலைப் பயிற்சியையும் ஆய்வையும் ஒரே திட்டப்பணியில் இணைக்கலாம் என்று நெறிமுறை சொல்கிறது. ஆனால் அப்படி இணைத்துச் செய்த பணியைப் பார்த்து மதிப்பிடுவதற்கான வழி அதில் இல்லை. இதை அடுத்த ஆண்டு மாணவர்கள் பதிவு செய்வதற்குள் சரிசெய்ய வேண்டும் என்பதற்காகவே வெளிப்படையாக எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொண்டது தெருக்கூத்து. (கட்டைக்கூத்து என்பதே சரியான பெயர் என்று வாதிடுவோர் உண்டு, எங்கள் ஊர்ப் பக்கத்தில் இரண்டுமே இல்லாமல் ‘நாடகம்’ என்றுதான் சொல்வார்கள்.) திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவில் பகலில் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடந்து, பாரதப் போரின் கடைசி நாளான பதினெட்டாம் போர் ஆடி முடிந்த விடியலில், துரியோதனன் வீழும் படுகளச் சடங்குக்குப் போவார்கள். அந்தப் பதினெட்டாம் போரில் துரியோதனன் வேஷம் கட்டி ஆடக் கற்றுக்கொள்வதும், கட்டை எனப்படும் மர அணிகளைக் கட்டிய வேஷக்காரர் பாடிக்கொண்டே சுழன்றாடும்போது அவருடைய மூச்சுக்கு என்ன நேர்கிறது என்று கண்டறிவதும் என் திட்டப்பணியின் இரண்டு பாதிகள். அவை இரண்டும் தனித்தனி வேலைகளாக இருக்கும் என்று தொடக்கத்தில் நானும் நம்பினேன்.

நூலகத்தில் உட்கார்ந்து எழுதிய இரண்டாம் இயலில், வேஷக்காரர் பாடிய அடியை, அவருக்குப் பின்னால் இருந்து பாடும் பின்பாட்டுக்காரர்கள் திருப்பிப் பாடுகிறார்கள் என்று குறித்திருந்தேன். ஒலிப்பதிவுகளைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். தலையில் கிரீடமும் தோளில் புஜக்கட்டையும் மார்பில் பதக்கமும் இறுகக் கட்டியபடி திரையை விலக்கிக் களரி என்னும் ஆடுகளத்துக்குள் இறங்கிய முதல் இரவில், கிறிக்கி என்னும் சுழற்சியில் மூன்றாவதிலேயே எனக்குக் குரல் அறுந்துவிட்டது. கட்டைகள் கல்யாண முருங்கை மரத்தில் செய்தவை. கையில் தூக்கினால் எடை தெரியாது. ஆனால் துணிநாடாக்களால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டியபின் முழு மூச்சு இழுக்க இடமிருக்காது. குரல் அறுந்தும் பாட்டு அறுபடவில்லை. அடியின் கடைசிச் சீரை நான் எட்டுவதற்கு முன்பே பின்பலகையில், அதாவது ஆடுகளத்தின் பின்னால் போட்ட பெஞ்சில், இருந்த பின்பாட்டுக்காரர்கள் அதைப் பிடித்திருந்தார்கள். முகவீணை என்ற சிறு குழல் அதே சுருதியில் மேலே ஏறி நின்றது. எனக்கு ஒரு மூச்சு இழுக்க நேரம் கிடைத்தது. எதிரில் பாயில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் துரியோதனன் பாட்டை நிறுத்தியதே தெரியவில்லை. பின்பாட்டு திருப்பிப் பாடவில்லை. வேஷக்காரருக்கு எங்கே மூச்சு தீரும் என்று முன்கூட்டியே அறிந்து அங்கே பாட்டை வாங்கிக்கொள்கிறது. அடுத்த வாரம் இரண்டாம் இயலில் ஆறு பக்கங்களை அடித்துவிட்டு மீண்டும் எழுதினேன். ஆடாமல் இருந்திருந்தால் அந்த ஆறு பக்கங்களும் பிழையோடு அச்சேறியிருக்கும். ஒருவரும் கண்டுபிடித்திருக்கவும் மாட்டார்கள்.

இனி மதிப்பீட்டு நாளைச் சொல்கிறேன். காலை பதினொரு மணி, குளிரூட்டிய கருத்தரங்க அறை, எனக்கு ஒதுக்கப்பட்டது நாற்பது நிமிடம். மாணவர் அல்லாத எவரும் மதிப்பீட்டு நிகழ்வில் மேடை ஏறக்கூடாது என்பது விதி என்பதால், பின்பாட்டையும் முகவீணையையும் மிருதங்கத்தையும் கைப்பேசியில் பதிவு செய்து ஒலிபெருக்கியில் ஓடவிட்டேன். பதிவு செய்த பின்பாட்டுக்கு என் மூச்சு எங்கே தீரும் என்று தெரியாது. ஆகவே நான்தான் அதற்கு ஏற்றபடி மூச்சுவிட்டு ஆட வேண்டியதாயிற்று. என் ஆய்வு எதைக் கண்டுபிடித்ததோ அது அந்த அறையில் நிகழ வாய்ப்பே இல்லை. தேர்வாளர்கள் இருவரும் பண்பாக நடந்துகொண்டார்கள். ‘ஆட்டம் நன்றாக இருந்தது, இனி ஆய்வேட்டுக்கு வருவோம்’ என்றார்கள். அந்த ‘இனி’ என்ற சொல்லைத்தான் இந்த மடல் முழுவதும் கேள்வி கேட்கிறது.

ஆய்வேட்டில் பிறர் எழுத்து எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையிலும் ஒரு சிக்கல் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை 10 விழுக்காடு வரையிலான ஒப்புமையைக் குற்றமாகக் கொள்வதில்லை. மூலம் காட்டி எடுத்தாண்ட மேற்கோள்களைக் கணக்கிலிருந்து விலக்கவும் சொல்கிறது. என் பின்னிணைப்பில் இருந்த கூத்துப் பாட்டு முழுவதும், அதனிடையே வந்த வில்லிபாரத விருத்தங்களும், கடன் வாங்கிய உரையாகக் கணக்கிடப்பட்டன. விளக்கம் எழுதிக் கொடுத்தும் கெடு நெருங்கிவிட்டதால் பின்னிணைப்பையே நீக்கிச் சமர்ப்பித்தேன். இன்று நூலகத்தில் இருக்கும் பிரதியில் பாட்டைப் பற்றிய ஆய்வு இருக்கிறது, பாட்டு இல்லை.

எனக்குக் கூத்துப் பழக்கிய வாத்தியாரைப் பற்றிச் சொல்லாமல் விட இயலாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். இணை வழிகாட்டி படிவத்தில் கல்வித் தகுதி என்ற கட்டத்தை நிரப்ப முடியாததால் அவர் பெயர் நன்றியுரையில் மட்டுமே இடம்பெற்றது. மதிப்பீட்டு நாளன்று நடைவழியில் எனக்குக் கட்டை கட்டி முடிச்சுகளைச் சரிபார்த்துவிட்டு, கதவு மூடியபின் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். துறை வல்லுநர்களை முனைவர் பட்டம் இல்லாமலேயே பயில்நிலைப் பேராசிரியர்களாக (Professor of Practice) அமர்த்திக்கொள்ள மானியக் குழு 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 15 ஆண்டு அனுபவம் உடையவர்களுக்கு, ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காடு வரை அதில் இடமுண்டு. உள்ளூர்க் கலைஞர்களை நிறுவனத்தில் உறைவிடக் கலைஞர்களாக வைத்துக்கொள்வதற்கும் தனி வழிகாட்டுதல் வந்துவிட்டது. மானியக் குழு இடம் கொடுக்கிறது; நம் படிவந்தான் கொடுக்கவில்லை.

கலையைச் செய்தே ஆராயும் ‘கலை வழி ஆய்வு’ மேலைநாட்டு மோஸ்தர் என்று வாய்மொழித் தேர்வில் ஒருவர் குறிப்பிட்டார். அதற்குப் பெயர் வைத்து வகைப்படுத்தியவர்களில் லண்டன் அரச கலைக் கல்லூரியின் கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் ஒருவர் என்பதும், அந்தக் கட்டுரை வந்தது 1993இல் என்பதும் உண்மையே. ஆனால் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1960களில், இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை அண்ணாவியார் எனப்படும் கூத்து ஆசானின் துணையோடு மாணவர்களுக்குப் பழக்கிக் கர்ணன் போர், இராவணேசன் முதலியவற்றை மேடையேற்றினார். அங்கே இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். ஆடியவரே ஆய்ந்தார் என்பது தமிழுக்குப் புதிய செய்தியல்ல.

தங்கள் தரப்பில் உள்ள அச்சத்தையும் அறிவேன். கதவைத் திறந்துவிட்டால், அரங்கேற்றக் காணொளியை உறையிலிட்டுக் கொடுத்து ஆய்வேடு என்பார்கள். அந்த அச்சம் நியாயமானது. எல்லா ஆட்டமும் ஆய்வாகிவிடாது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆடுவதற்கு முன்பே எழுதிவைத்த ஒரு வினா, ஒவ்வோர் ஒத்திகைக்கும் நாளிட்ட குறிப்பேடு, ஆட்டத்தால் மாறிய கருத்து எது என்பதைக் காட்டும் எழுத்து ஆகிய மூன்றும் இல்லாத பணியைத் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். என் குறிப்பேட்டை எவரும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆகவே நான் வேண்டுவது இதுதான்: நிகழ்த்துதலை ஆய்வேட்டின் ஓர் இயலாக ஏற்று, அது இயல்பாக நடக்கும் களத்திலேயே தேர்வாளர் ஒருவரேனும் நேரில் இருந்து பார்க்க நெறிமுறையில் வழி செய்யுங்கள். வாத்தியாரோ ஆசானோ இணை வழிகாட்டியாகக் கையெழுத்திடட்டும். கல்வித் தகுதிக் கட்டத்தில் ஆடிய ஆண்டுகளை எழுத இடம் கொடுங்கள். பாடல் உரையை ஒப்புமைக் கணக்கிலிருந்து விலக்குவதாக எழுத்தில் அறிவியுங்கள். இவற்றில் எதற்கும் புதிய நிதி தேவையில்லை. தேர்வாளரின் பயணப்படி மட்டும் கொஞ்சம் கூடும்.

முடிவெடுக்கும் முன் ஒருமுறை வந்து பாருங்கள் என்று அழைக்கிறேன். வரும் சித்திரையில் எங்கள் ஊர்க் கோயிலில் பதினெட்டாம் போர் மீண்டும் ஆடுகிறோம். இரவு பத்து மணிக்கு மேல்தான் மேளம் கட்டுவார்கள். துரியோதனன் திரைக்கு வர நள்ளிரவு ஆகிவிடும். பின்பலகைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தால் பின்பாட்டுக்காரர்களின் வாயும் என் நெஞ்சும் ஒரே பார்வையில் தெரியும். அங்கேயே பாய் போட்டுவைக்கச் சொல்கிறேன். மூன்று மணிக்கு மேல் பனி இறங்கும், போர்வை ஒன்று எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் துறையின் முன்னாள் முதுகலை மாணவி