மணியாச்சியில் ஓடியவன்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் போடாததற்கு வழக்கமான காரணங்கள்தான், விடு. வீட்டில் எல்லோரும் சுகம். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பெரியசாமி இன்னும் அந்த ஸ்கூட்டரை விற்கவில்லை. பந்தயத்தில் நீதான் ஜெயித்தாய், காசை அவனிடமே கேட்டு வாங்கிக்கொள்.

சரி, சண்டைக்கு வருகிறேன். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டு வாஞ்சி தப்பிக்கத்தான் ஓடினான், வழி தெரியாமல் கக்கூசுக்குள் மாட்டிக்கொண்டான் என்று. எழுதிவிட்டு நீ நிம்மதியாகத் தூங்கியிருப்பாய். நான் அன்றிலிருந்து மணியாச்சி பிளாட்பாரத்தில்தான் குடியிருக்கிறேன்.

நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார். 1911 ஜூன் 17, சனிக்கிழமை. ஆஷ் தன் மனைவியோடு திருநெல்வேலியில் ஒன்பதரை மணிக்கு ரயில் ஏறுகிறான். கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பயணம். 10.38க்கு வண்டி மணியாச்சி வந்து நிற்கிறது. தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காகக் காத்திருக்க வேண்டும், அது 10.48க்கு வரும். இடையில் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் கலெக்டர் ஒரு முதல் வகுப்புப் பெட்டியில், நகராமல், எங்கே இருப்பான் என்று முன்கூட்டியே தெரிந்த இடத்தில் உட்கார்ந்திருப்பான். சுடுகிறவனுக்கு இதைவிட நல்ல இடம் வாய்க்காது. ஆனால் சுட்டுவிட்டு ஓடுகிறவனுக்கு இதைவிட மோசமான இடமும் வாய்க்காது. நாலு பக்கமும் பொட்டல். ஒருவன் ஓடினால் கண்ணுக்கு எட்டுகிற வரை தெரிவான். ஸ்டேஷன் மாஸ்டர் மேஜையில் தந்திக் கருவி இருக்கிறது, எந்த ரயிலைவிடவும் அது வேகமாகப் போகும். நீ சொல்லக்கூடும், போட் மெயிலில் கூட்டத்தோடு கூட்டமாக ஏறி, விழுப்புரத்தில் மாறி, பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த பாண்டிச்சேரிக்குப் போயிருக்கலாமே என்று. சுட்ட இடத்திலேயே ரயிலுக்குக் காத்து நின்று, அடுத்த ஒவ்வொரு ஸ்டேஷனிலும் போலீஸ் வந்து பெட்டி பெட்டியாகத் தேடாது என்று நம்பி ஏற வேண்டும். அதைத் திட்டம் என்று சொல்ல உனக்கே கூச்சமாக இருக்கும்.

ஒன்றை மட்டும் உனக்கு விட்டுக்கொடுக்கிறேன். அன்று காற்று பலமாக அடித்ததால் வெடிச் சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்கிறார்கள். நம்ம பக்கத்து ஆனிக் காற்று உனக்குத் தெரியாததா? தப்பிக்க நினைத்தவனுக்கு அது பெரிய வரம்.

ஆனால் தப்பிக்கத் திட்டம் போட்டவர்கள் என்ன செய்வார்கள் என்று பார்க்க வேண்டுமானால் 1928 டிசம்பர் 17, லாகூருக்குப் போ. வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி சாண்டர்ஸைச் சுட்ட பிறகு பகத் சிங்கும் ராஜகுருவும் ஓட ஒரு கல்லூரி வளாகம் இருந்தது, துரத்தி வந்த காவலரைத் தடுக்கத் துப்பாக்கியோடு அவர்கள் தோழர் சந்திரசேகர ஆசாத் நின்றார். அப்புறம் முடியை வெட்டி, தொப்பி வைத்து, தோழர் ஒருவரின் மனைவி துர்கா தேவியையும் அவர் குழந்தையையும் தன் குடும்பம்போலக் கூட்டிக்கொண்டு முதல் வகுப்பில் பகத் சிங் ஊரைவிட்டுப் போனார். ராஜகுரு வேலைக்காரர் வேஷத்தில். ஆள், வழி, வேஷம், டிக்கெட், எல்லாம் இருந்தது. அரைகுறைத் திட்டத்துக்கு உதாரணம் 1908 முஸாஃபர்பூர். குண்டு போட்டுவிட்டு குதிராம் போஸ் ராத்திரியெல்லாம் நடந்தார், மறுநாளே ஒரு ரயில் நிலையத்தில் பிடிபட்டார். கூடப் போன பிரஃபுல்ல சாக்கி மொகாமா ஸ்டேஷனில் சுட்டுக்கொண்டு செத்தார். அந்த அரைகுறைகூட மணியாச்சியில் இல்லை.

அப்படியானால் ஏன் ஓடினான் என்று கேட்பாய். எனக்குத் தோன்றுவது இது. 1909இல் லண்டனில் வெள்ளைக்கார அதிகாரி கர்சன் வில்லியைச் சுட்ட மதன்லால் டிங்க்ரா, அடுத்து தன்னையே சுட்டுக்கொள்ளப் பார்த்தார். சுற்றி நின்றவர்கள் பாய்ந்து பிடித்துவிட்டார்கள். அதே வருஷம் டிசம்பரில் நாசிக்கில் கலெக்டர் ஜாக்சனைச் சுட்ட அனந்த் கன்ஹேரேவுக்கும் இதே கதி. இரண்டு பேரும் தூக்கு மேடைக்குத்தான் போனார்கள். இந்தச் செய்திகள் வாஞ்சியின் கூட்டத்துக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தன்னைச் சுட்டுக்கொள்ள, யாரும் கையைப் பிடிக்க முடியாத இடம் அவனுக்கு வேண்டியிருந்தது. தாழ்ப்பாள் உள்ள கதவு ஒன்று, அரை நிமிஷம், அவ்வளவுதான். அந்தக் கக்கூசுக்கு இன்னொரு வாசல் கிடையாது என்பது நுழைகிறவனுக்குத் தெரியாமல் இருக்காது.

சட்டைப் பையில் இருந்த கடிதத்தை யோசி. ஜார்ஜ் மன்னனைக் கொல்ல 3000 மதராசிகள் சபதம் செய்திருக்கிறார்கள், அதைத் தெரிவிக்கவே அவர்களில் கடையேனான நான் இதைச் செய்தேன் என்று எழுதி, பெயரையும் போட்டிருக்கிறான். (அதில் மிலேச்சன், கோமாமிசம் என்றெல்லாம் வருகிற இடங்கள் எனக்கு எப்போதும் நெருடும். அந்த வாதத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.) தப்பிக்கிற உத்தேசம் உள்ளவன் பெயர் போட்ட வாக்குமூலத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஓடுவானா? அந்தக் கடிதத்தைப் படிக்கப் போகிறவர்கள் அவன் பிணத்தைச் சோதிக்கப் போகிறவர்கள்தான்.

இங்கேதான் எனக்குத் தூக்கம் கெட்டது. செத்தவனை யாரும் விசாரிக்க முடியாது. அந்த வகையில் அவன் சாவு மற்றவர்களுக்குப் பாதுகாப்பு. அப்படி வாயை அடைத்துக்கொண்டவன், பெயரை ஏன் எழுதி வைத்தான்? பெயர் தெரிந்தால் ஊர் தெரியும். ஊர் தெரிந்தால் வீடு, உறவு, சிநேகிதம். அந்தக் கூட்டத்தை நடத்திய நீலகண்ட பிரம்மச்சாரி உட்பட 14 பேர் மேல் வழக்கு வந்தது. கூட்டத்தைச் சேர்ந்த தர்மராஜ ஐயர் விஷம் குடித்தார். வெங்கடேசுவர ஐயர் கழுத்தை அறுத்துக்கொண்டார். 25 வயதுப் பையன் தனக்குத் தப்பும் வழி வேண்டாம் என்று முடிவு செய்தது அவன் உரிமை என்றே வைத்துக்கொள். மற்றவர்களுடைய வழியையும் அவன் பையிலிருந்த காகிதம் அடைத்துவிட்டது. செங்கோட்டையில் வாஞ்சியின் மனைவி பொன்னம்மாள் இருந்தாள், அந்தப் பெட்டியில் ஆஷுக்கு எதிரே அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரையும் பற்றி நாம் காலேஜ் நாளில் ஒரு வார்த்தை பேசியதில்லை, கவனித்தாயா?

எனக்கு விடை கிடைக்காத ஆள் சங்கரகிருஷ்ணன். கூடவே பெட்டி வரை போனவர், சுடவில்லை, சாகவில்லை, அங்கிருந்து தப்பிப் போய்ப் பிறகுதான் மாட்டினார். நான்கு வருஷத் தண்டனை. கை நடுங்கினால் இவர் சுடட்டும் என்றா? நடந்ததைப் போய்ச் சொல்ல ஒரு சாட்சி வேண்டும் என்றா? ஒருவேளை மணியாச்சித் திட்டத்தில் தப்பிக்கும் பகுதி என்று ஒன்று இருந்தால், அது அவருக்காக மட்டும் போட்டதாக இருக்கலாம். இதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் வாஞ்சியைப் பற்றிப் பேசு. தபால் கார்டில் இரண்டு வரி எழுதி நழுவாதே.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். அவள் கட்சி என் பக்கம்தான் என்று எனக்குத் தெரியும்.

உன்
கோமதிநாயகம்