வெளிநாட்டுக்காரர் சொன்னால் வேதமா?

ஆசிரியருக்கு,

தேர்தல் நேரத்தில் வெளிநாட்டு ஊடகங்கள் காட்டும் ஒருசார்பைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம். வெளிநாட்டு ஊடகம், வெளிநாட்டு அரசு, வெளிநாட்டுப் பணம் மூன்றையும் கட்டுரையாளர் ஒரே மூட்டையாகக் கட்டி, தடை போட வேண்டும் என்று எழுதிவிட்டார். தன் பெயரைப் போட்டு, தன் பத்திரிகையில், எனக்குப் பிடிக்காததை ஒருவர் எழுதினால் நான் அவரோடு சண்டை போடலாம். உள்ளூர்க்காரர் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவரை என்ன செய்வது? அவர் யார் என்பதே தெரியாதே.

2004 அமெரிக்க அதிபர் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனிலிருந்து வரும் கார்டியன் பத்திரிகை, ஒஹாயோ மாநிலத்தின் கிளார்க் கவுன்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) எந்தக் கட்சியையும் சேராத வாக்காளர்களின் பெயரையும் முகவரியையும் எடுத்து, கேட்ட வாசகர்களுக்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, இவர்களுக்குக் கடிதம் எழுதுங்கள் என்றது. ஏன் அந்தக் கவுன்டி என்றால், 2000-இல் ஜனநாயகக் கட்சியின் அல் கோர் அங்கே வெறும் 324 ஓட்டு வித்தியாசத்தில்தான் முந்தியிருந்தார். ஆயிரக்கணக்கானவர்கள் முகவரி வாங்கினார்கள். அமெரிக்காவிலிருந்து திட்டித் தீர்த்துப் பதில்கள் குவிந்தன, எங்கள் தேர்தலில் உங்களுக்கு என்ன வேலை என்று. பத்திரிகை அந்த முயற்சியைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தத் தேர்தலில் கிளார்க் கவுன்டி குடியரசுக் கட்சியின் புஷ் பக்கம் போனது. கடிதங்களால்தான் போனது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மக்களுக்குக் கோபப்பட ஒரு வாய்ப்பு இருந்தது பாருங்கள், அதுதான் எனக்கு முக்கியம். கடிதம் எங்கிருந்து வந்தது, யார் அனுப்பச் சொன்னது, எல்லாமே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1948 இத்தாலியில் அப்படி இல்லை. ஏப்ரல் 18 தேர்தலில் கம்யூனிஸ்டுகள் ஜெயித்துவிடக் கூடாது என்று அமெரிக்கா எல்லா வழியிலும் இறங்கியது. அதில் ஒன்று, அமெரிக்காவில் குடியேறியிருந்த இத்தாலியர்களை ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குக் கடிதம் எழுத வைத்தது. எழுத நேரமில்லாதவர்களுக்கு வாசகங்கள் முன்கூட்டியே அச்சடித்துத் தயாராக இருந்தன, கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், போர் முடிந்து மூன்றே வருடம், வீட்டில் கஷ்டம், கடல் தாண்டிப் போன மாமாவிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. மாமாவின் கையெழுத்துத்தான், உள்ளே இருக்கும் வார்த்தைகள் வேறு யாருடையவோ. இதற்கு மேல் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ ரகசியமாகக் கொடுத்த பணம் தனி. எதிர்த்தரப்புக்கு மாஸ்கோவிலிருந்து பணம் வந்தது, அதையும் சொல்லாமல் விடக்கூடாது. 1946 முதல் 2000 வரை அமெரிக்காவும் சோவியத் யூனியனும் (பிற்பாடு ரஷ்யாவும்) 117 தேர்தல்களில் ஒரு தரப்புக்குச் சாதகமாகத் தலையிட்டதாக ஆய்வாளர் டோவ் லெவின் கணக்கெடுத்திருக்கிறார். அதில் 81 அமெரிக்காவுடையது. ஆகவே இது ஏதோ ஒரு நாட்டுக்கு மட்டும் உள்ள கெட்ட புத்தி இல்லை.

அப்புறம் காலம் மாறி இணையம் வந்தது. 2016 மே 21, டெக்சாஸின் ஹூஸ்டன் நகரில் ஓர் இஸ்லாமிய மையத்தின் முன்னால் இரண்டு கூட்டங்கள் எதிரெதிரே நின்று கோஷம் போட்டன. ஒரு பக்கத்தினரை வரச் சொன்னது டெக்சாஸ் பெருமை பேசும் ஒரு ஃபேஸ்புக் பக்கம். எதிரில் நின்றவர்களை வரச் சொன்னது முஸ்லிம்களின் பெயரில் நடந்த இன்னொரு பக்கம். இரண்டையும் நடத்தியது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஒரே நிறுவனம். மொத்தச் செலவு சுமார் 200 டாலர் என்று பின்னர் அமெரிக்க செனட் விசாரணையில் சொன்னார்கள். தெருவில் நின்ற மனிதர்கள் உண்மையானவர்கள், அவர்களுடைய கோபமும் உண்மையானது, அழைத்தவர் மட்டும் பொய். இதைப் படித்த அன்றிலிருந்து, கொதித்துக்கொண்டு வரும் எந்தப் பதிவைப் பார்த்தாலும் இதை எழுதியது யார் என்று தேடாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

சரி, ஒருசார்பு விஷயத்துக்கு வருகிறேன். அது இருக்கிறது, சந்தேகமே இல்லை. பல நாடுகளுக்குச் சேர்த்து ஒரே செய்தியாளர், தலைநகரில் நாலு நாள் தங்கல், ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் மட்டும் பேட்டி, இப்படி எழுதினால் வேறு எப்படி வரும்? 2023 மாலத்தீவு அதிபர் தேர்தலை வெளியிலிருந்து எழுதியவர்களில் பெரும்பாலோர் இந்தியாவா சீனாவா என்ற போட்டியாகவே எழுதினார்கள். 'இந்தியாவே வெளியேறு' என்ற முழக்கம் அங்கே இருந்தது உண்மைதான். ஆனால் தலைநகர் மாலேயில் நெருக்கடியான ஓர் அறைக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு, வீடு கிடைக்குமா என்பதும் ஓட்டுப் போடும் விஷயம்தானே. அது தலைப்பில் வரவில்லை. வெளிநாட்டுப் பத்திரிகை தன் ஊர் வாசகருக்கு எது முக்கியமோ அதைத்தான் எழுதும். அதைத் தெரிந்துகொண்டு படித்தால் போதும், தடை போட வேண்டியதில்லை.

கட்டுரையாளர் தடை கேட்கிறார், அதனால்தான் பயமாக இருக்கிறது. 1924-இல் பிரிட்டனில் தேர்தலுக்கு நான்கே நாள் முன்பு, மாஸ்கோவிலிருந்து சோவியத் கம்யூனிஸ்ட் தலைவர் சினோவியேவ் எழுதியது என்று ஒரு கடிதத்தை டெய்லி மெயில் பத்திரிகை வெளியிட்டது. பிரிட்டனில் புரட்சிக்குத் தூபம் போடும் கடிதம். அது போலி என்பதுதான் ஆய்வாளர்களின் முடிவு. அப்போது ஆட்சியில் இருந்த லேபர் கட்சி அந்தத் தேர்தலில் தோற்றது. தோல்விக்குக் கடிதம் ஒன்றே காரணமில்லை, அவர்களுக்கு முந்தைய தேர்தலைவிட அதிக ஓட்டு விழுந்திருந்தது. ஆனாலும் பாருங்கள், வெளிநாட்டுத் தலையீடு என்ற பயத்தையே உள்நாட்டு ஆயுதமாக ஆக்கிவிட முடியும். கேள்வி கேட்கிற உள்ளூர்ப் பத்திரிகையாளரை அந்நியக் கைக்கூலி என்று ஒரே வார்த்தையில் வாயடைக்கவும் முடியும். இந்த அதிகாரத்தை எந்த அரசிடமும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, நான் ஓட்டுப் போட்ட அரசாக இருந்தாலும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு செய்திப் படத்தைப் போட்டு, "பாத்தியா, வெளிநாட்டுப் பத்திரிகையே சொல்லிட்டான்" என்று எழுதியிருந்தார். நான் மூலத்தைத் தேடிப் படித்தேன். அது செய்தியே இல்லை, வெளியாள் ஒருவர் அந்தப் பத்திரிகைக்கு எழுதிய கருத்துக் கட்டுரை. தமிழுக்கு வரும்போது எழுதியவர் பெயர் போய், 'கருத்து' என்ற சொல்லும் போய், பத்திரிகையின் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் நின்றது. சித்தப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் கைக்கு வந்ததே அப்படித்தான். உங்கள் இதழிலும் 'வெளிநாட்டு ஊடகங்கள் தெரிவிக்கின்றன' என்று மொட்டையாக முடியும் செய்திகளைப் பார்த்திருக்கிறேன். எந்த ஊடகம், எழுதியது யார், அது செய்தியா கருத்தா, அந்த ஊடகத்தை நடத்துவது அரசா தனியாரா, இந்த நான்கையும் செய்தியின் கீழே ஒரே வரியில் போடுங்கள். தேர்தல் முடியும் வரையாவது போடுங்கள்.

என் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். பெயரையும் ஊரையும் கடிதத்தோடு சேர்த்தே வெளியிடலாம்.

அன்புடன்,
உங்கள் வாசகர்