மரகதத்துக்கு ஒரு கடிதம்

மதுரை

அன்புள்ள மரகதம்,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று மாதத்தில் ஐந்து கிலோ குறைத்திருக்கிறாய் என்று படித்ததும் அவரிடமும் வாசித்துக் காட்டினேன். இரவுச் சோற்றை நிறுத்தியதும் காபியில் சர்க்கரையை விட்டதும் சின்னக் காரியம் இல்லை. ஆனால், மாடி ஏறினால் கால் தளர்கிறது, சில நாள் தலை சுற்றுகிறது என்றும் எழுதியிருக்கிறாய். அதுதான் மனதை உறுத்துகிறது. சர்க்கரை மாத்திரை பழைய அளவிலேயே போகிறதா? சாப்பாடு பாதியாகி, மாத்திரை அப்படியே இருந்தால், சில மாத்திரைகளுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். இந்த வாரமே டாக்டரைப் பார்த்துவிடு.

கால் தளர்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். உடம்பை அசைக்காமல், சாப்பாட்டைக் குறைத்து மட்டும் இளைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். அறுபதை நெருங்கும் நமக்குத் தசை தானாகவே குறைந்துகொண்டு வருவது. போனது எது என்று எடைமெஷின் சொல்லாது, மாடிப்படி சொல்லிவிடும்.

அதனால் நடைக்கு முன்னால் ஒன்றைத் தொடங்கு. சுவரோரமாகக் கை வைக்காத நாற்காலியைப் போடு. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழுந்து நில். பிறகு தொப்பென்று விழாமல் மெல்ல உட்கார். இறங்கும்போதுதான் தொடை நன்றாக வேலை செய்யும். முதலில் ஐந்தாறு முறை போதும். முட்டி வலித்தால் இரண்டு தலையணை வைத்து உயரத்தைக் கூட்டிக்கொள். பருப்பு, சுண்டல், முட்டை, தயிர் இவற்றைக் குறைக்காதே. குறைப்பதைச் சோற்றிலும் எண்ணெயிலும் குறை.

நாங்கள் இப்போது மாலையில் தெப்பக்குளத்தைச் சுற்றுகிறோம். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் சரியான வேகம். வாரத்துக்கு 150 நிமிடமாவது இப்படி நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நடந்து முடித்ததும் கரையோரத்தில் வடை வாசனை இழுக்கும். அரைமணி நேர நடையில் செலவாவதை ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் ஏறக்குறையத் திருப்பிக் கொடுத்துவிடும். நடையால் மட்டும் எடை மளமளவென்று குறையாது. குறைத்த எடை திரும்பி ஏறாமல் காப்பதில்தான் அதன் அருமை தெரியும்.

தனியாக நேரம் ஒதுக்க முடியாத நாளில் வீட்டு வேலையே உதவும். 1953இல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். மாடி பஸ்ஸில் நாள் முழுதும் ஏறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம். துணி காயப்போட மொட்டைமாடிக்கு நீயே போ, வேலைக்காரம்மாவை அனுப்பாதே. தலைசுற்றல் நின்ற பிறகு, அதுவும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

சின்னவளுக்குத் தையில் பிரசவம். அதற்குள் ஒருமுறை கோயம்புத்தூர் வர நினைக்கிறேன். வந்தால் ரேஸ்கோர்ஸில் இரண்டு பேரும் நடப்போம். டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுது, அல்லது போன் செய்.

அன்புடன்,
வசந்தா