கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு பாறை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து இப்போது மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும்தான் நிம்மதி. நான் போர்ச்சுகலில், போர்ட்டோ நகரத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். வேலை அவளுக்குப் பிடித்திருக்கிறது, உடம்பும் தேறியிருக்கிறாள். அவளோடு போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரான பிராகாவுக்குப் போய் ஒரு கால்பந்து மேட்ச் பார்த்தேன். அந்த ஸ்டேடியத்தைப் பற்றி உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவேன்?

அது ஒரு கல் குவாரிக்குள் இருக்கிறது. 2004 யூரோ கோப்பைக்காகக் கட்டியது. மலையைக் குடைந்தெடுத்த கருங்கல்லையே நொறுக்கி கான்கிரீட்டில் கலந்திருக்கிறார்கள். அதனால் எங்கே பாறை முடிகிறது, எங்கே கட்டடம் தொடங்குகிறது என்று கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. ஊர்க்காரர்கள் அதை 'பெட்ரெய்ரா' என்கிறார்கள். குவாரி என்றுதான் அர்த்தம்.

பார்வையாளர் பகுதி இரண்டே இரண்டுதான், மைதானத்தின் நீளவாக்கில் எதிரும் புதிருமாக. இரண்டு கோல்களுக்குப் பின்னாலும் ஒரு நாற்காலி கூடக் கிடையாது. ஒரு பக்கம் திறந்தவெளி, அதற்கப்பால் நகரம். இன்னொரு பக்கம் வெட்டிய மலை அப்படியே செங்குத்தாக நிற்கிறது. இத்தனை வருஷம் கம்பங்களுக்கு நடுவே நின்றவன் நீ. உன் முதுகுக்குப் பின்னால் கூட்டத்தின் கூச்சல் இல்லாமல், வெறும் பாறை மட்டும் இருந்தால் எப்படியிருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பக்கம் அடித்த பந்து ஒன்று கம்பத்துக்கு மேலே போனபோது என் கண் பந்தை விட்டுவிட்டு மலையில் நின்றுவிட்டது.

வடிவமைத்தவர் போர்ட்டோக்காரரான எடுவார்டோ சோட்டோ டி மோரா. கட்டடக்கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசை 2011இல் பெற்றவர். கோலுக்குப் பின்னாலிருந்து பார்த்தால் ஆட்டம் முழுசாகப் பிடிபடாது என்பது அவர் கட்சி. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். கோலுக்குப் பின்னால் நின்று பாடுகிற கூட்டம் இல்லாமல் ஏதோ குறைகிறது. ஆனால் அந்த இடத்தைப் பாறைக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாரே, அதை நேரில் பார்த்தபின் குறை சொல்ல வாய் வரவில்லை.

அப்புறம் அந்தக் கூரை! இரண்டு பக்கக் கூரைகளையும் எஃகு வடங்கள் மைதானத்துக்கு மேலே குறுக்காக இழுத்துப் பிடித்திருக்கின்றன. நடுவில் வடங்களும் வானமும் மட்டும்தான். பெரு நாட்டில் இன்கா மக்கள் கட்டிய கயிற்றுப் பாலங்களிலிருந்து வந்த யோசனையாம். புல்தரைக்கு அடியிலேயே பெரிய தளம் ஒன்று இருக்கிறது, அதன் வழியாக ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடலாம். தலைக்கு மேலே ஆட்டம் நடக்கிறது என்று நினைத்தாலே சிலிர்த்தது.

யூரோவில் இங்கே நடந்தது இரண்டே ஆட்டங்கள். செலவோ போட்ட மதிப்பீட்டைத் தாண்டி எங்கேயோ போய், நகராட்சிக்கு நீண்டகாலச் சுமையாகிவிட்டது. அது சரியில்லை என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் இது வெறுமனே கிடக்கவில்லை. பிராகா அணி இங்கேதான் ஆடுகிறது. 2010 நவம்பரில் இங்கிலாந்தின் ஆர்சனல் அணியை 2-0 என்று இந்தப் பாறையின் முன்னால்தான் வீழ்த்தினார்கள்.

மகள் அடுத்த வருஷமும் இங்கேதான் இருப்பாள். மருத்துவர் பயணத்துக்குச் சரி சொன்னதும் எனக்கு எழுது. முதல் பாதியில் எந்த கீப்பர் பாறைப் பக்கம் நிற்கிறார் என்று சேர்ந்து பார்ப்போம்.

உன் அன்பு நண்பன்