ரெஜிஸ்டரில் மட்டும் உண்மைப் பெயர்

கோயம்புத்தூர்
ஆடி 4

அன்புள்ள சரசு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். இங்கே ஆடிக் காற்று ஆரம்பித்துவிட்டது, மாடியில் துணி காயப்போட்டால் கிளிப் மாட்டியும் நிற்பதில்லை. பேரன் ஸ்கூல் சேர்ந்த சேதி கேட்டு ரொம்ப சந்தோஷம். அதைவிட சந்தோஷம், கடைசிப் பக்கத்தில் நீ தயங்கித் தயங்கி எழுதியிருந்த விஷயம். வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆச்சு. உன் மனசுக்கு ஒத்த ஒருத்தரோடு நேரில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று நினைப்பதில் ஒரு தப்பும் இல்லை. மகனுக்கும் மருமகளுக்கும் எப்போது சொல்வது என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். ஊர் அதை முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது. இங்கே ஹோட்டலில் ஊர்க்கண்ணில் படாமல் அவரைச் சந்திப்பது எப்படி என்று கேட்டிருந்தாய். ஹோட்டல் ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால் நின்று பார்க்கிறவளாக எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பொய்ப் பேர் கொடுக்காதே, ‘புருஷன் பொண்டாட்டி’ என்றும் சொல்லாதே. மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டுகிறார்கள். உன் ஆதாரை எடுத்துப் பார். விலாசம் தொடங்கும் இடத்தில் உன் வீட்டுக்காரர் பேர் இன்னும் இருக்கும். நீ சந்திக்கப் போகிறவர் கார்டில் அவர் அப்பா பேர் இருக்கும். இரண்டையும் மேஜையில் வைத்ததும் அங்கே இருக்கிற பையனுக்கு ஒரே பார்வையில் புரிந்துவிடும். புரிந்தபின் மேனேஜரைக் கூப்பிடுவான், அவர் குரலை உயர்த்துவார், லாபியில் இருக்கிற நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். உண்மையைச் சொன்னால் இது எதுவும் நடக்காது. உறவு என்று கேட்கும் கட்டத்தில் ‘நண்பர்’ என்று எழுது. வந்த காரணம் ‘சொந்த வேலை’. அவ்வளவு போதும். தீப்பிடித்தாலோ உடம்புக்கு முடியாமல் போனாலோ அந்த ரெஜிஸ்டரில் இருக்கிற பேரை வைத்துத்தான் உன்னைத் தேடுவார்கள்.

சட்டம் பற்றிக் கேட்டிருந்தாய். கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் ஹோட்டல் அறையில் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. 2019-ல் நம் கோவையிலேயே ஒரு தங்கும் விடுதியை இந்தக் காரணத்தையும் சொல்லி சீல் வைத்தார்கள். அந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லி, சீலை எடுக்க உத்தரவிட்டது. ஆனால் அறை தருவதும் தராததும் அந்தந்த ஹோட்டலின் வழக்கம். அதனால் போவதற்கு முன்பே போனில் மூன்று கேள்வி கேட்டுவிடு: இரண்டு பேர், இரண்டு தனித்தனி ஐடி, பரவாயில்லையா? பக்கத்து மாவட்ட விலாசம் இருந்தால் அறை தருவீர்களா? செக்-அவுட் மதியம் 12 மணியா, 24 மணி நேரக் கணக்கா? இரண்டாவது கேள்வி முக்கியம். உள்ளூர் விலாசத்துக்குப் பல இடங்களில் அறை தருவதில்லை. மேஜை முன்னால் நிற்கும்போது அது தெரிய வருவது நல்லதல்ல. பேன் கார்டில் விலாசம் இல்லாததால் நிறைய ஹோட்டல்களில் வாங்க மாட்டார்கள். டிரைவிங் லைசென்ஸ், வோட்டர் ஐடி, பாஸ்போர்ட் இதில் ஏதாவது ஒன்று எடுத்து வா. ஆதார்தான் கொடுக்க வேண்டும் என்றால், முதல் எட்டு எண்களை மறைத்த ‘மாஸ்க்டு ஆதார்’ பிரிண்ட் எடுத்துக்கொள். நகலின் குறுக்கே ‘ஹோட்டல் தங்கலுக்கு மட்டும்’ என்று தேதி போட்டு எழுதிக் கொடு.

முதல் சந்திப்புக்கு அறையே தேவையில்லை என்பது என் கட்சி. அவினாசி ரோட்டிலோ ரேஸ்கோர்ஸ் பக்கமோ இருக்கிற பிசினஸ் ஹோட்டல் ஒன்றின் காபி ஷாப்பில், வார நாளில், பகல் 11-லிருந்து 12.30-க்குள் உட்காருங்கள். காலை பஃபே முடிந்து மதியச் சாப்பாட்டுக்கூட்டம் வராத நேரம் அது. பேசுவதற்கு நிம்மதியான இடம், ஐடியும் வேண்டாம். காந்திபுரம் மட்டும் வேண்டாம். உங்கள் ஈரோட்டில் பஸ் ஏறினவர்கள் அங்கேதான் வந்து இறங்குவார்கள், உன் சம்பந்தி வீட்டாரும் சேர்த்து.

நாள் பார்ப்பதுதான் பலர் விட்டுவிடும் விஷயம். கல்யாண ஹால் உள்ள ஹோட்டலாக இருந்தால் முகூர்த்த நாளிலும் அதற்கு முந்தின நாளிலும் பக்கமே போகாதே. லாபி முழுக்கப் பட்டுப்புடவையும் தாம்பூலப் பையுமாக இருக்கும். ஈரோட்டுக் கூட்டத்தில் பாதி உன்னைத் தெரிந்தவர்கள். காலண்டரில் வளர்பிறை முகூர்த்தம் என்று போட்டிருக்கும் தேதிகளை முதலில் அடித்துவிடு. ஆடியும் மார்கழியும் உனக்குத் தோதான மாதங்கள். கல்யாணம் இல்லாததால் லாபியில் அந்தக் கூட்டம் இருக்காது.

பிறகு ஒரு நாள் அறை எடுப்பதாக இருந்தால், தொடக்கத்திலேயே இரண்டு பேருக்கு என்று புக் செய்துவிடு. ஒருத்தி பேரில் எடுத்துவிட்டு அவரைப் பின்னால் வரச் சொன்னால் கஷ்டம். புது ஹோட்டல்களில் சாவி கார்டு காட்டினால்தான் லிஃப்ட் மேலே போகும். அவர் ரிசப்ஷனில் நின்று உன் பேரைச் சொல்லிக் கேட்க வேண்டும், அவர்கள் உன் அறைக்குப் போன் போட வேண்டும். இரண்டு பேர் பேரும் முன்பே இருந்தால் அவர் ஐடியைக் காட்டி, கார்டு வாங்கி நேராக வந்துவிடலாம். செக்-இன் செய்யும்போது மெதுவாக இரண்டு விஷயம் கேள்: ரூம் நம்பரை வாயால் சொல்லாமல் கார்டு உறையில் எழுதித் தரச் சொல். யார் கேட்டாலும் நான் தங்கியிருப்பதாகச் சொல்ல வேண்டாம் என்று சொல். நல்ல ஹோட்டல்களில் இது தினம் வருகிற வேண்டுகோள்தான், கம்ப்யூட்டரில் குறித்துக்கொள்வார்கள். லிஃப்டை விட்டுத் தள்ளிய அறையாகவும், பக்கத்து அறைக்கு இடைக்கதவு இல்லாத அறையாகவும் கேள். இடைக்கதவு பூட்டியே இருந்தாலும் பேச்சு அப்படியே அந்தப் பக்கம் கேட்கும்.

இப்போது போன். ஊர்க்கண்ணுக்கு முன்பே போன்தான் காட்டிக்கொடுக்கிறது. உன் பேங்க் கணக்குக்கு மகனுடைய நம்பர்தானே கொடுத்திருக்கிறது? டெபிட் கார்டைத் தேய்த்துக் கட்டினால் மெசேஜ் அவன் கைக்குப் போகும். ரொக்கமாகக் கட்டு. ஆப்பில் புக் செய்தால் ஜிமெயிலுக்கு உறுதிக் கடிதம் வரும், அது தானாகவே காலண்டரில் ஏறிவிடும். அந்த ஜிமெயில் வீட்டு டேப்லெட்டில் திறந்திருந்தால் பேரன் கையில் இருக்கும்போது மேலே வந்து நிற்கும். அதனால் ஹோட்டலுக்கே நேராகப் போன் செய். வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ திறந்து பார். வீட்டு லேப்டாப் பேர் அதில் இருந்தால், நீ அவருக்கு எழுதுவதெல்லாம் அங்கேயும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை லாக்-அவுட் செய். கூகுள் மேப்பில் யாருக்காவது லொகேஷன் ஷேரிங் கொடுத்திருக்கிறாயா என்றும் பார். ஹோட்டல் வைஃபை நம்பர் கேட்கும், சொந்த டேட்டாவே போதும்.

மகன் காரை எடுக்காதே. விஜயமங்கலம் டோலைத் தாண்டின நிமிஷமே ஃபாஸ்டேக் மெசேஜ் அவனுக்குப் போய்விடும். பஸ்ஸில் வா, நூறு கிலோமீட்டர்தானே.

அறைக்குள் போனதும் ஐந்து நிமிஷம் ஒதுக்கு. கட்டிலைப் பார்த்தபடி இருக்கிற ஸ்மோக் டிடெக்டர், செட்-டாப் பாக்ஸ், கடிகாரம், பிளக் பாயிண்ட் இவற்றில் கேமரா ஒளித்திருக்கிறதா என்று பார். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சாய்வாக அடித்தால் லென்ஸ் இருக்கிற இடம் ஊசிமுனை அளவுக்கு மின்னும். அப்படியே இருட்டில் போனின் செல்ஃபி கேமராவைத் திறந்து சுற்றிலும் காட்டு. அகச்சிவப்பு விளக்கு வைத்த கேமராவாக இருந்தால் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி தெரியலாம். பின்பக்கக் கேமராவில் அது பெரும்பாலும் தெரியாது. கண்ணாடி பின்னாலிருந்து பார்க்கக்கூடிய வகையா என்று விரல் வைத்துப் பார்க்கும் சோதனையை நம்பாதே. ஏதாவது கண்ணில் பட்டால் தொடாதே, படம் எடு, வெளியே வா, 112-க்கு அழை. பெண்ணை ஒளிந்து படம் பிடித்தால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவின்படி முதல் குற்றத்துக்கே ஒன்று முதல் மூன்று வருஷம் சிறை. கதவுக் கொண்டியைப் போடு, பார்வைத் துளையில் டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி வை.

கிளம்பும்போது குளியலறை, தலையணை அடி, சார்ஜர் மூன்றையும் பார். எதையாவது மறந்துவிட்டால் ஹவுஸ்கீப்பிங் எடுத்து வைத்து, ரெஜிஸ்டரில் எழுதிய நம்பருக்குக் கூப்பிடுவார்கள். அது வீட்டு நம்பராக இருந்தால் போனை எடுப்பது உன் மருமகள்தான். உன் சொந்த நம்பரை மட்டும் கொடு, இமெயில் கட்டத்தைக் காலியாக விடு, விளம்பர மெசேஜ் வேண்டாம் என்று சொல். கிளம்புவதில் இருவருக்கும் இருபது நிமிஷ இடைவெளி இருக்கட்டும்.

அவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. விவாகரத்து ஆனவர் என்கிறாய். தீர்ப்பு நகலைக் காட்டச் சொல், நல்ல மனுஷனாக இருந்தால் கோபப்பட மாட்டார். பணம் கேட்டால், எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும், அங்கேயே நிறுத்திவிடு.

ஊருக்குத் தெரிய வேண்டாம், ஆனால் எனக்குத் தெரிய வேண்டும் சரசு. நாள் முடிவானதும் ஹோட்டல் பேர், அவர் முழுப்பேர், நம்பர் மூன்றையும் சொல்லிவிடு. அறை எடுத்தால் அதன் நம்பரையும். அன்றைக்கு மூன்று மணிக்கு நான் போன் செய்து “ஜாக்கெட் தைச்சு வந்துடுச்சா?” என்று கேட்பேன். “வந்துடுச்சு” என்றால் வைத்துவிடுவேன். “இன்னும் வரலை” என்றால் அடுத்த போன் ரிசப்ஷனுக்கு, அதற்கடுத்த கால் மணி நேரத்தில் நானே அங்கே நிற்பேன்.

அன்புடன்,
வசந்தா