கதிர் சிங்கப்பூர் வருவதற்கு முன்

சிங்கப்பூர்

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

இங்கே எல்லோரும் நலம். கதிருக்கு எஸ் பாஸ் (சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அனுமதி) கிடைத்த செய்தி கேட்டு ரொம்ப சந்தோஷம். போனில் மதினி திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "பிள்ள சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவான்?" ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்வதே என் வேலை என்பதால், பேச்சில் விட்டுப்போகாமல் இருக்க எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன். அவனையும் ஒரு தரம் உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள்.

பட்டினி கிடப்பானோ என்ற பயம் வேண்டாம். வீட்டுத் தொகுதிகளுக்குக் கீழே காப்பிக்கடை, கொஞ்ச தூரத்தில் ஹாக்கர் சென்டர், அதாவது பல சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கிற இடம். 2020-ல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலிலேயே ஏறிய சாப்பாட்டுப் பழக்கம் இது. நாலைந்து வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வயிறு நிறைந்துவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வாடகைக்கு அறை தேடும்போது பல வீட்டுக்காரர்கள் "சமையல் கூடாது" அல்லது "லைட் குக்கிங் மட்டும்" என்பார்கள். தாளிப்பு, பொரியல் வாசனை வரக்கூடாது என்று அர்த்தம். அதனால் தனியாக இருக்கிற பையன்கள் மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டே பழகிவிடுகிறார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை, பெரியப்பாவுக்கு பிரஷர் என்று இருக்கிற நம் குடும்பத்தில் இதைச் சும்மா விட முடியாது.

முதலில் உப்பு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராம் உப்பு, அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோடியமாகக் கணக்கிட்டால் 2,000 மில்லிகிராம். சிங்கப்பூரில் 2022-ல் எடுத்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் சராசரி 3,620 மில்லிகிராம் வந்தது. இத்தனைக்கும் சாப்பாடு உப்புக் கரிப்பாக இருக்காது. சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியிலேயே கிட்டத்தட்ட 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. அதோடு சிப்பி சாஸ், இறால் விழுது, மீன் உருண்டை, அஜினமோட்டோ எல்லாம் சேரும். இனிப்பும் காரமும் உப்பின் ருசியை மறைத்துவிடும். கூடுதல் சோடியம் உடம்பில் தண்ணீரைத் தேக்கி வைக்கும், ரத்தத்தின் அளவு கூடும், ரத்தக்குழாய்ச் சுவரிலும் சிறுநீரகத்திலும் அழுத்தம் ஏறும். இருபத்தைந்து வயதில் இதற்கு வலியோ மயக்கமோ இருக்காது. அதனால்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

இதில் பெரும்பகுதியைக் கடையிலேயே குறைத்துவிடலாம். சூப் நூடுல்ஸ் வாங்கினால் நூடுல்ஸையும் காய்கறியையும் சாப்பிட்டுவிட்டு சூப்பைக் கிண்ணத்திலேயே விட்டுவிட வேண்டும். உப்பில் பெரும்பங்கு அந்தத் தண்ணீரில்தான் கரைந்திருக்கிறது. முழுக் கிண்ணமும் குடித்தால் ஒரு நாளைய அளவு ஒரே வேளையில் முடிந்துபோகலாம். சோறு வாங்கும் கடையில் "குழம்பு ஊற்ற வேண்டாம், தனியாகக் கொடுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் கேட்காமலே இரண்டு மூன்று கரண்டி சோற்றின் மேல் விழும், பிறகு பிரிக்க முடியாது. நம்மவர் கடையிலும் இதே கதைதான்: பரோட்டாவுக்கு வைக்கிற சால்னாவைத் தொட்டுச் சாப்பிடலாம், குடிக்கக் கூடாது.

அடுத்தது டீ. சர்க்கரை வியாதிக்கு நான் அதிகம் பயப்படுவது சோற்றைவிட இதற்குத்தான். இங்கே சும்மா "தே" என்று கேட்டால் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிய டீ வரும். அந்தப் பாலில் பாதிக்கு மேல் சர்க்கரை. ஒரு குவளையில் மூன்று டீஸ்பூனுக்குக் குறையாது. சைட்டில் வேலை பார்க்கிறவர்கள் நாலு குவளை குடித்தால் பன்னிரண்டு டீஸ்பூன். ஒரு நாளைக்கு அதிகபட்சம் என்று சொல்கிற அளவு டீயிலேயே போய்விடும், சாப்பாட்டுக் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை. "சியூ தாய்" என்று இனிப்பைக் குறைக்கச் சொன்னாலும் கண்டென்ஸ்டு மில்க் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அவன் மனப்பாடம் பண்ண வேண்டியது "தே சி கோசோங்": இனிப்பில்லாத கெட்டிப்பால், சர்க்கரை கிடையாது. பால் வேண்டாமென்றால் "தே ஓ கோசோங்". முதல் இரண்டு வாரம் கசக்கும், பிறகு நாக்கு பழகிவிடும்.

டின், பாட்டில் பானங்களில் ஏ முதல் டி வரை நியூட்ரி கிரேடு எழுத்து இருக்கும். 2022 டிசம்பர் கடைசியில் வந்த விதி. நூறு மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி. அதைத் தொடவே வேண்டாம். மறு வருஷம் கடையில் கலக்கிக் கொடுக்கிற பானங்களுக்கும் இது வந்தது, ஆனால் சின்னக் கடைகளுக்கு விலக்கு உண்டு. அதனால் காப்பிக்கடையில் எழுத்தைத் தேடாமல் வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

எண்ணெயைப் பற்றி உங்களுக்கே தெரியும். பிரியாணி ஒரு தட்டு 800 கலோரியைத் தாண்டும், ஒரு சாதா பரோட்டாவே 200-க்கு மேல். வாரத்துக்கு ஒரு நாள் ஆசைக்குச் சாப்பிடட்டும். மற்ற நாளில் காய்கறிச் சோறு விற்கிற கடையில் பாதித் தட்டு காய், கால் தட்டு சோறு, கால் தட்டு மீன் அல்லது தோஃபு என்று கைகாட்டி வாங்கலாம். அரைச் சோறு போதும் என்றால் கடைக்காரர் தப்பாக நினைக்க மாட்டார்.

கேட்டரிங் பொட்டலம் பற்றி நன்றாகக் கவனிக்கச் சொல்லுங்கள். சைட்டுக்கு வருகிற மதியச் சாப்பாட்டைப் பல இடங்களில் விடியுமுன்னே சமைத்து, காலைச் சாப்பாட்டோடு சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். அதை வெயிலில் வைத்திருந்து பன்னிரண்டு மணிக்குப் பிரிப்பார்கள். சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு. அதன் வித்து கொதிநீரிலும் சாகாது. சோறு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது, வாசனையிலும் தெரியாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி எடுக்கும். சமைத்ததிலிருந்து நாலு மணி நேரம்தான் கெடு. பொட்டலத்தில் எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்ற முத்திரையைப் பார்க்க வேண்டும், தாண்டியிருந்தால் கொட்டிவிட வேண்டும். தேங்காய் சேர்த்ததும் குழம்பு பிசைந்ததும் சீக்கிரம் கெடும். சோறு தனி, குழம்பு தனி என்று கேட்டு வாங்குவது நல்லது. மதியம் தனியாகக் கொண்டுவந்து கொடுக்கிற கேட்டரிங்காரர் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும்.

இரவுக்கு லைட் குக்கிங்கிலேயே வழி இருக்கிறது. சின்ன ரைஸ் குக்கர் ஒன்று நான் வாங்கி வைக்கிறேன். குக்கரோடு வருகிற கப்பால் முக்கால் கப் அரிசி, கால் கப் பாசிப்பருப்பு. கழுவி அரை மணி நேரம் ஊற வைக்க வேண்டும், இல்லையென்றால் அரிசி குழைந்தும் பருப்பு நறுக்கென்று நிற்கும். மூன்றரை கப் தண்ணீர், கேரட்டும் பீன்ஸும் நறுக்கி இரண்டு கப், மஞ்சள், சீரகம், அரை டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் எண்ணெய். எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிறைந்தால் என்ன செய்தாலும் பொங்கி மூடி வழியாக வழியும், வீட்டுக்காரர் கத்துவார். கீரை போடுவதானால் சுவிட்ச் மேலே வந்த பிறகு போட்டுப் பத்து நிமிஷம் மூடி வைத்தால் போதும். இது இரண்டு வேளைக்கு வரும். உப்பு வேளைக்கு ஒன்றரை கிராமுக்குள். மீதியை அகலமான டப்பாவில் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். குக்கரில் "வார்ம்" போட்டபடி விடிய விடிய விடக் கூடாது.

மதினி, பெட்டியில் ஊறுகாயும் அப்பளமும் வத்தலும் அடுக்காதீர்கள். பொரிக்க இடமும் இல்லை, அத்தனையும் உப்பு. பதிலாக வறுத்த கொள்ளுப்பொடி, கறிவேப்பிலைப்பொடி இரண்டும் உப்புச் சேர்க்காமல் அரைத்து வையுங்கள். ஒரு கிலோ கறுப்புக் கொண்டைக்கடலையும் வைத்தால் ராத்திரி ஊறப்போட்டு அதே குக்கரில் அவித்துக்கொள்வான்.

அண்ணன், கதிர் கிளம்புவதற்குள் ரத்த அழுத்தமும், வெறும் வயிற்றுச் சர்க்கரையும், ஹெச்பிஏ1சியும் (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) எடுத்துவிடுங்கள். இடுப்பையும் தொப்புள் மட்டத்தில் நாடாவால் அளந்து குறித்து வையுங்கள். நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டிய அளவு. அந்தத் தாளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து இங்கே மறுபடி எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதை நான் கவனித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
தங்கச்சி